தம் மலையை ஆங்கிலத்தில் வாசிக்கும் உரிமை: தைவான் பதின்வயதினருக்கான கோரிக்கைச் சாசனம்

தைவான் கல்வி அமைச்சுக்கும், பள்ளிப் பாடநூல்களைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் தேசியக் கல்வி ஆய்வு நிறுவனத்துக்கும், கல்லூரி நுழைவுத் தேர்வு மையத்துக்கும், ஆங்கிலப் பாடநூல் பதிப்பாளர்களுக்கும், நகர, மாவட்ட அரசுகளின் நூலகப் பிரிவுகளுக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

எங்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, பெற்றோர் உண்டு, பறவை பார்ப்பவர்கள் உண்டு. ஷிஞ்சுவிலும் தைனானிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு செய்ய வந்து, வார இறுதிகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கிய தமிழர்களும் உண்டு. அந்தத் தமிழர்கள் தம் மொழியில் எழுதியது இது. வீட்டில் ஒரு மொழி, படிப்புக்கும் பிழைப்புக்கும் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்களுக்குத் தைவான் பிள்ளையின் திணறல் நன்றாகவே விளங்கும்.

நாங்கள் கேட்பது இதுதான்: சீன மொழி பேசும் பதின்வயதுப் பிள்ளை தனக்கு முன்பே தெரிந்த மலையையும் மீனையும் திருவிழாவையும் அடுப்படியையும் பற்றி, தன்னால் தடங்கலின்றி வாசிக்க முடிந்த ஆங்கிலத்தில், முழுமையான எழுத்தாக வாசிக்க வேண்டும். அதற்கான நூல்களும் நேரமும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும்.

இங்கே ஆங்கிலத்துக்குப் பஞ்சமில்லை. 2005 முதல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. மாலையானால் புஷிபான் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்கள் நிரம்பி வழிகின்றன. 2030-ஐ இலக்காக வைத்து இருமொழிக் கொள்கையை 2018-இல் அரசு அறிவித்தது. 2019-இல் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகு, ஒன்பதாம் வகுப்பின் முடிவில் மே மாதம் நடக்கும் பொதுத்தேர்வில், ஆங்கிலத்தின் மூன்று தரங்களில் கடைசித் தரத்திலேயே நின்றுபோகும் பிள்ளைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், நடுவே பள்ளம். ஆசிரியர்கள் இதை இரட்டைச் சிகரம் என்கிறார்கள். மேல் சிகரத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெருநகரத்துப் பிள்ளைகள், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள்.

கீழே நிற்கும் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். ஆங்கிலத்தை வாசிப்பதற்குரிய மொழியாக அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை, அவ்வளவே. அவர்கள் கண்டதெல்லாம் ஒரு பத்தி, அதன் கீழே நான்கு விடைகள். முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியில் விடையைத் தேடு என்றுதான் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். அப்படிப் படித்தவர்க்குப் பத்தி எதைப் பற்றியது என்பது மறுநாள் நினைவில் இராது.

முதல் கோரிக்கை: சொந்த மண் பாடநூலுக்குள் வரட்டும்.

தைவானின் ஆயிரம் டாலர் தாளில் மிகாடோ ஃபெசன்ட் என்னும் மலைக்கோழி இருக்கிறது. ஐந்நூறு டாலர் தாளில் சிகா மான். இரண்டாயிரம் டாலர் தாளில் உயர்மலை ஓடையில் மட்டுமே வாழும் தைவான் சால்மன் மீன். சட்டைப்பையில் இவற்றை வைத்துக்கொண்டு திரியும் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி தொடர்ந்து வாசிக்கக் கிடைப்பது அரிது. ஹாலோவீன் பூசணியும் நன்றி தெரிவிக்கும் நாளின் வான்கோழியும் தவறாமல் கிடைக்கின்றன. அவையும் இருக்கட்டும். ஆனால் மாசு அம்மனின் பல்லக்குக்குப் பின்னால் ஒன்பது பகல், எட்டு இரவு, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் மக்கள் நடக்கும் தாஜியா யாத்திரையை, வழியெல்லாம் வீட்டுக்கு வீடு நடப்பவர்களுக்குச் சோறு போடும் வழக்கத்தை, தன் பாட்டியோடு நடந்த பிள்ளை ஆங்கிலத்தில் எங்கே வாசிப்பது?

நாங்கள் சால்மன் மீனிலிருந்து தொடங்கச் சொல்வோம். அந்த ஒரு மீனில் ஒரு பருவத்துக்கான வாசிப்பு இருக்கிறது. சால்மன் கடலுக்குப் போய்த் திரும்பும் மீன். தைவானில் இருப்பதோ பனியுகம் முடிந்து நீர் வெதுவெதுப்பானபோது குளிர்ந்த மலை ஓடையில் தங்கிப்போன ஒன்று. கடலை மறந்த சால்மன். அதயல் பழங்குடி மக்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த மீன். அறிவியல் உலகுக்கு 1919-இல்தான் ஜோர்டான், ஓஷிமா என்ற இருவர் இதை எழுதி அறிமுகப்படுத்தினார்கள். பின்னர் ஓடைக்கரையில் காய்கறித் தோட்டமும் பழத்தோட்டமும் வந்தன. மண் அரிப்பைத் தடுக்க ஓடையின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டன. மீன் மேலே ஏற முடியவில்லை. கீழே தண்ணீர் சூடேறியது. சில நூறு மீன்களே மிஞ்சிய காலம் வந்தது. 2011-இல் சிஜியாவான் ஓடையின் முதல் தடுப்பணையை இடித்தார்கள். கரையில் மரம் வைத்தார்கள், மீன்குஞ்சு வளர்த்து விட்டார்கள். இன்று எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இந்தக் கதையை வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் காலங்கள் தாமாகவே தேவைப்படும். முன்பு இருந்தது, அதற்கும் முன்பே இருந்து வந்தது, இப்போது இருக்கிறது, இனியும் இருக்குமா? பயிற்சித் தாளில் ஐம்பது வாக்கியத்தைக் காலம் மாற்றி எழுதியவனுக்குப் பிடிபடாத வேறுபாடு, அணை கட்டும் முன்னும் இடித்த பின்னும் மீனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும்போது பிடிபடுகிறது. எங்கள் வாசிப்பு வட்டங்களில் இதைக் கண்டிருக்கிறோம்.

இப்படி எத்தனையோ. தைனான் கழிமுகத்தில் குளிர்காலம் கழிக்கும் கருமுகக் கரண்டிவாயன், நம் வேடந்தாங்கலுக்கு வரும் கரண்டிவாயனின் நெருங்கிய உறவு. 1990 வாக்கில் உலகம் முழுவதும் சேர்த்தே முந்நூறுக்கும் குறைவாக இருந்த பறவை. 2002 குளிர்காலத்தில் தைனானில் நச்சுநோய் கண்டு 73 பறவைகள் மாண்டன. இன்று உலகில் 6,000-க்கும் மேல். அவற்றில் பாதிக்கு மேல் குளிர்காலத்தில் தைவானில்தான். காவ்ஷியோங்கின் மாவ்லின் பள்ளத்தாக்கில் குளிரைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே பறக்கும் ஊதாநிற வண்ணத்துப்பூச்சிகளுக்காக, 2007 முதல் யுன்லினின் லின்னெய் அருகே விரைவுச்சாலையின் ஓரத்தடத்தை மூடுகிறார்கள், வலை கட்டுகிறார்கள். கார்கள் பூச்சிக்கு வழிவிடும் ஊர்! மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்கு முன்னும் பின்னும் கூட்டமாக வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகளிலும் இதே பேரினம் உண்டு என்பதால் தமிழர்களாகிய எங்களுக்கு இதில் தனிப் பற்று.

மண்ணைப் பற்றிச் சொல்லும்போது இனிய செய்தி மட்டும் வேண்டும் என்று கேட்கவில்லை. புகைச்சிறுத்தை தைவான் காடுகளில் அற்றுப்போனதாக 2013-இல் அறிவிக்கப்பட்டதையும் வாசிக்கட்டும். 2009 ஆகஸ்டில் மொராகோட் புயல் மழையில் ஷியாவ்லின் கிராமத்தின் மேல் மலை சரிந்ததையும், 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி ஹுவாலியனை உலுக்கி தரோக்கோ பள்ளத்தாக்கைச் சிதைத்த 7.2 அளவு நிலநடுக்கத்தையும் வாசிக்கட்டும். அன்று உலக ஏடுகள் எல்லாம் இந்தத் தீவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதின. தம்மைப் பற்றி எழுதியதைத் தாமே வாசிக்கும் திறன் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டாமா?

இரண்டாவது கோரிக்கை: வாசிக்க முடிந்த ஆங்கிலமாக இருக்கட்டும்.

சொல்லறிவையும் வாசிப்பையும் ஆராய்ந்த பால் நேஷனும் அவரோடு பணியாற்றியவர்களும் காட்டியது: யார் உதவியும் இல்லாமல் இன்பமாக வாசிக்க, எழுத்தில் உள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும். 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்து. நூற்றுக்குத் தொண்ணூறுதான் தெரியும் என்றால் அதே பக்கத்தில் தெரியாதவை 25. அதற்குப் பெயர் வாசிப்பு அல்ல, அகராதி புரட்டல்.

நடுநிலைப் பள்ளிக்கு அடிப்படைச் சொற்கள் 1,200, விரிந்த பட்டியலில் 2,000. மேல்நிலைக்கு ஆறு படிகளாகப் பிரித்த ஏறக்குறைய 6,000 சொல் பட்டியல். பட்டியல்கள் உள்ளன, அந்தப் பட்டியலுக்குள் நின்று எழுதப்பட்ட நல்ல நூல்கள் அரிது. எனவே ஒரே பொருளை மூன்று படிகளில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறோம். கரண்டிவாயன் பற்றி 1,200 சொல் தெரிந்தவருக்கு ஒரு சிறு நூல், 2,000 தெரிந்தவருக்கு ஒன்று, 4,500 தெரிந்தவருக்கு ஒன்று. ஒரே வகுப்பில் உட்காரும் இரட்டைச் சிகரத்துப் பிள்ளைகள் மூவேறு நூலை வாசித்துவிட்டு ஒரே பறவையைப் பற்றிப் பேச முடியும். எளிய படி என்றால் குழந்தைத்தனமான படி என்று ஆகிவிடக்கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்தான் குறைவு, அறிவு குறைவில்லை. கார்ட்டூன் முயலைக் காட்டி அவனை அவமதிக்காதீர்கள்.

இதில் சீன எழுத்தோடு வளர்ந்தவருக்கே உரிய ஒரு தேவையும் உண்டு. சீனத்தில் மீன் பெயர்களைக் குறிக்கும் எழுத்துகள் பெரும்பாலானவற்றில் மீன் என்னும் உறுப்பும், பறவைப் பெயர்களில் பறவை உறுப்பும் ஒட்டியிருக்கும். முன்பின் கண்டிராத பெயரானாலும் இது ஏதோ மீன் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துவரிசை அந்தக் கையைக் கொடுப்பதில்லை. ஆகவே உயிரினப் பெயர் வரும் இடமெல்லாம் பக்க ஓரத்தில் நல்ல படமும் சீன எழுத்துப் பெயரும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது: எழுதியவர் பெயர் உள்ள எழுத்து வேண்டும்.

இன்று பயிற்சி நூல்களில் வரும் பத்திகளுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. யார் எழுதினார், எந்த ஆண்டு, எங்கிருந்து எடுத்தது, எவ்வளவு வெட்டப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலும் கிடையாது. இப்போது எந்திரம் நொடியில் நூறு பத்தி எழுதித் தருகிறது. அவையும் பெயரின்றி உள்ளே வருகின்றன. எந்திரத்தின் துணையோடு எழுதினால் அதை அச்சில் சொல்லுங்கள். பறவை பற்றியதைப் பறவை அறிந்தவர், திருவிழா பற்றியதை அந்தக் கோயில் ஊரில் வாழ்பவர் வாசித்துச் சரிபார்த்தார் என்று கையொப்பமிடச் செய்யுங்கள்.

தைவான் பற்றி நல்ல ஆங்கிலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்கத்தாவில் 1836-இல் பிறந்த ராபர்ட் ஸ்வின்ஹோ, பிரிட்டிஷ் துணைத் தூதராக இங்கே வந்து, தைவானின் கரடியையும் புகைச்சிறுத்தையையும் எத்தனையோ பறவைகளையும் 1860-களில் ஆங்கிலத்தில் பதிவு செய்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிய சிறுத்தைக்கு இன்று என்ன ஆயிற்று என்பது ஒரு வாரத்துக்கு வாசிக்கவும் பேசவும் போதும். 1971-இல் தைபெயில் இளைஞர் சிலர் தம் நாட்டுப்புறக் கலைகளை உலகுக்குச் சொல்ல எக்கோ என்ற இதழை ஆங்கிலத்திலேயே தொடங்கினார்கள். பின்னாளில் சீன மொழியில் புகழ்பெற்ற ஹான்ஷெங் இதழின் வேர் அதுதான். 1976 முதல் அரசே சீனமும் ஆங்கிலமும் எதிரெதிராக வைத்து ஓர் இதழ் நடத்தி வருகிறது. இன்று அதன் பெயர் தைவான் பனோரமா. மலை, கடல், கைவினை, சமையல் பற்றி அரை நூற்றாண்டு ஆங்கிலக் கட்டுரைகள் அரசின் கையிலேயே உள்ளன. அவற்றின் உரிமையைப் பள்ளிகளுக்குத் திறந்துவிடுங்கள், படிப்படியாக எளிமைப்படுத்த ஆளும் பணமும் ஒதுக்குங்கள் என்பதைத் தனிக் கோரிக்கையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊ மிங்-யீயின் திருடப்பட்ட சைக்கிள் பற்றிய நாவல் 2018-இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசின் நீண்ட பட்டியலில் இடம்பெற்றது. யாங் ஷுவாங்-ட்சுவின் தைவான் பயணக்குறிப்பு, லின் கிங்கின் ஆங்கிலத்தில், 2024-இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதை மொழிபெயர்ப்புப் பிரிவில் வென்றது. 1938-இன் ரயில் பயணமும் தட்டுத் தட்டாக உணவுமாக விரியும் நாவல் அது. இவற்றிலிருந்து எடுத்த பக்கங்கள், முறையான அனுமதியோடும் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் கூலியோடும், மேல்நிலை வகுப்புக்கு வரட்டும்.

இன்னொன்றும் எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் எழுதிய ஆங்கிலத்தைப் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். எங்களூர் மா. கிருஷ்ணன் தமிழர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். அணிலையும் காக்கையையும் யானையையும் பற்றி 1950 முதல் 1996-இல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். தமிழிலும் எழுதினார். இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்தாலே, ஆங்கிலம் லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும் சொந்தம், நமக்குக் கடன் என்ற கூச்சம் பாதி கழன்றுவிடும். பிலிப்பைன்ஸ், மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, கென்யா என்று அந்த வரிசை நீளம். தொலைதூரத்தையும் இந்த வழியில் அறிமுகப்படுத்துங்கள்: ஒரு கடற்கரையைத் தன் கடற்கரையாகக் கொண்டவர் எழுதிய ஆங்கிலமாக.

நான்காவது கோரிக்கை தேர்வு பற்றியது. ஜனவரியில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் திறன் தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 நிமிடம். 2022 முதல் விடையைத் தேர்ந்தெடுப்பதோடு எழுதவும் வைக்கும் கலப்புக் கேள்விகள் வந்தன. அதை மனமாரப் பாராட்டுகிறோம். அடுத்த அடியாக, சிறு பத்திகள் பலவற்றுக்குப் பதில் நீண்ட எழுத்து ஒன்றாவது இருக்கட்டும். அதன் மூலமும் ஆசிரியர் பெயரும் கீழே அச்சாகட்டும். தேர்வில் இல்லாதது வகுப்பில் நிலைக்காது என்பதை ஆசியாவில் பிள்ளை வளர்த்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம்: நாங்கள் கேட்கும் சிறு நூல்களின் பின்பக்கத்தில் நான்கு விடைக் கேள்வி ஒன்றுகூட வேண்டாம். பத்துப் பக்கம் வாசித்த பிள்ளையை, உனக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்டால் போதும்.

ஐந்தாவது, நேரம். பல பள்ளிகளில் காலையில் பாடம் தொடங்குமுன் சீன நூல்களை அமைதியாக வாசிக்கும் வழக்கம் உண்டு. வாரத்தில் இரண்டு காலை ஆங்கில நூலுக்குக் கொடுங்கள். எதை வாசிப்பது என்பதைப் பிள்ளை தேரட்டும். பிடிக்காத நூலை நடுவில் மூடிவைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. வாசித்து முடித்தபின் சீனத்திலோ ஹொக்கியனிலோ ஹக்காவிலோ பேசினால் தடுக்காதீர்கள். புரிந்ததைச் சொல்ல அவரவர் மொழியைவிட நல்ல கருவி இல்லை. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று வாயைக் கட்டும் வகுப்பில் கூச்சம் மிஞ்சுகிறது, வாசிப்பு வளர்வதில்லை. இருமொழிக் கொள்கையை நடத்துவோர் இதைச் சற்று நின்று கேட்க வேண்டும்.

ஆறாவதாக, வாக்கியத்தை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். நேற்று மலையில் நாங்கள் பார்த்த கரடி என்று தமிழில் சொன்னால் எல்லா விவரமும் முன்னே வந்து கரடி கடைசியில் வரும். சீனத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் கரடி முதலில் வந்துவிடும், நேற்றும் மலையும் நாங்களும் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அது முடிவதற்குள் இன்னொரு இணைப்பு தொடங்கும். இந்தத் திருப்பத்தில்தான் சீனப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் தடுமாறினார்கள். சொல் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவதற்கு இது பெருங்காரணம். வினைக்குக் கால விகுதி இல்லாத, பெயருக்குப் பன்மை பெரும்பாலும் தேவைப்படாத, சொல்லுக்கு நடுவே இடைவெளி விடாத எழுத்திலிருந்து வருபவருக்கு ஆங்கில வாக்கியத்தை எங்கே மூச்சு விட்டு நிறுத்துவது என்பதே புதுப் பாடம். ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சிறு நூலோடும் நிதானமான குரலில் ஒலிப்பதிவு வர வேண்டும். 1962-இல் டோரிஸ் புரோம் தொடங்கிய வானொலி ஆங்கில வகுப்பு இந்தத் தீவில் தலைமுறைகளுக்கு ஆங்கிலம் தந்தது. கையில் இதழ், காதில் குரல் என்பதே அதன் முறை. 2024-இல் 98 வயதில் அவர் மறைந்தபோது நாடே அவரை நினைத்தது. அவர் விட்டுச்சென்ற முறையை அரசுப் பள்ளி ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?

ஏழாவது கோரிக்கையைப் பழங்குடி மக்களின் பெயரால் அல்ல, அவர்களோடு சேர்ந்து வைக்கிறோம். தைவானில் அரசு ஏற்பு பெற்ற பழங்குடி இனங்கள் 16. மடகாஸ்கர் முதல் ஹவாய், ரப்பா நூயி வரை பரவிய ஆஸ்ட்ரோனேசிய மொழிகளின் தொட்டில் தைவான் என்பதே இன்று அறிஞர் பலரின் கருத்து. ஒரு தீவுப் பிள்ளைக்கு உலக வரைபடத்தைத் திறந்துவைக்க இதைவிடப் பெரிய செய்தி உண்டா? புனுன் மக்களின் தினை விளைச்சலுக்கான பல்குரல் வேண்டுதல் பாட்டு, லன்யூ தீவில் தாவ் மக்களின் பறக்கும் மீன் பருவமும் அவர்கள் செதுக்கும் படகும், புகைச்சிறுத்தையைத் தம் மூதாதையின் வழிகாட்டியாகப் போற்றும் ருக்காய் மக்கள் என எல்லாம் நூலாகட்டும். ஆனால் அவர்கள் அனுமதியின்றி ஒரு வரியும் கூடாது. பழங்குடி மரபுப் படைப்புகளைக் காக்க 2007-இலேயே சட்டம் வந்திருக்கிறது. பாடநூலுக்கும் அது பொருந்த வேண்டும். வெளியாருக்குச் சொல்லக்கூடாத சடங்கு, பருவம் தவறிச் சொல்லக்கூடாத கதை எவை என்று அந்த ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். எழுதுபவரும் முடிந்தவரை அந்த ஊர் ஆளாக இருக்கட்டும். அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது அல்லது நான்காவது மொழி என்பதையும் மறந்துவிடக்கூடாது. அவருடைய மொழிக்குக் கிடைக்கும் பள்ளி நேரத்தை ஆங்கிலம் விழுங்கக்கூடாது.

பெயர் எழுதும் முறையைப் பற்றி ஒரு சிறு கோரிக்கை, ஆனால் நாள்தோறும் இடறும் கல். 2002-இல் ஒரு ரோமன் எழுத்து முறை, 2009-இல் இன்னொன்று, அதற்கும் முந்தைய பழைய முறை வேறு. ஒரே ஓடைக்குப் பலகையில் ஓர் எழுத்து, நூலில் ஓர் எழுத்து. பிள்ளை அவற்றை இரண்டு ஓடை என்றே எண்ணிக்கொள்கிறது. பள்ளி நூல்களில் ஒரே முறை வேண்டும், பெயர் முதன்முதலில் வரும் இடத்தில் சீன எழுத்தும், இருந்தால் பழங்குடி மொழிப் பெயரும் வேண்டும். தேசியப் பூங்காக்களின் ஆங்கில விளக்கப் பலகைகளையும் பள்ளிப் பிள்ளைகளே வாசித்து, கரடுமுரடான இடங்களை எளிமையாக்கி எழுதிப் பூங்கா அலுவலகத்துக்குத் தரும் ஏற்பாடு வேண்டும். கல்விச் சுற்றுலா என்று போய்ப் படம் எடுத்துத் திரும்பும் நாளுக்கு அது ஒரு வேலையாகும்.

பணம் பற்றி. ஒவ்வொரு வகுப்புக்கும் இணையமும் பிள்ளைகள் கையில் டேப்லெட்டும் என்று 2022-இல் தொடங்கிய திட்டத்துக்கு நான்கு ஆண்டுக்கு 2,000 கோடி தைவான் டாலர் ஒதுக்கினார்கள். அந்தத் தொகையில் நூறில் ஒரு பங்கு 20 கோடி. நாங்கள் கேட்பது அவ்வளவே: அச்சிட்ட சிறு நூல்களுக்கும், எழுதுவோர், வரைவோர், குரல் தருவோருக்கும், பள்ளி நூலகத்தில் ஆங்கில வாசிப்பைக் கவனிக்கும் ஓர் ஆளுக்கும். டேப்லெட்டிலும் அதே நூல் இருக்கட்டும். ஆனால் மடித்து வைக்கவும் தம்பிக்குக் கொடுக்கவும் ஓரத்தில் கிறுக்கவும் தாள் வேண்டும். அரசுப் பணத்தில் உருவான நூல் எதுவும் பூட்டுப் போட்டு விற்கப்படக்கூடாது.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்வதையும் இங்கே எழுதி வைக்கிறோம். சால்மன், கரண்டிவாயன், தாஜியா யாத்திரை ஆகிய மூன்று பொருளில் மூன்று படி வரைவுகளை எழுதி, களம் அறிந்தவர்களிடம் காட்டித் திருத்தி, இலவசமாகத் தருவோம். வார இறுதி வாசிப்பு வட்டத்துக்குப் பள்ளி ஓர் அறையைத் திறந்துவிட்டால் ஆள் நாங்கள் தருவோம். பெற்றோராகிய நாங்கள், வாசிப்புக்கென ஒதுக்கிய மாலையில் பிள்ளையைப் புஷிபானுக்கு அனுப்புவதில்லை என்று உறுதி சொல்கிறோம். அக்கம்பக்கத்துப் பெற்றோரிடமும் இதைப் பேசுவோம்.

வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் ஒவ்வோர் அமைப்பும் எழுத்தில் பதில் தர வேண்டும்: எதை ஏற்கிறீர்கள், எப்போது, யார் பொறுப்பு, எதை ஏற்க முடியாது, ஏன். முதல் அச்சு நூல்கள் வரும்போது அனுப்பும் வரிசையும் நாங்கள் கேட்பதுபோல் இருக்கட்டும். லன்யூ, தைதுங், ஹுவாலியன், பிங்துங் மலைப் பள்ளிகளுக்கு முதல் கட்டு. தைபெய்க்குக் கடைசிக் கட்டு.